சிடியில் போட்ட ஃபைலைத் திருத்த முடியலையா?
(கணினிப் பக்கம் – 12-ஆம் வகுப்பு கணினி அறிவியல் பிரிவு)



போன மாதம் கேள்விப் பெட்டியில் ஒரு சீட்டு விழுந்திருந்தது. "அழிச்சு அழிச்சு எழுதலாம்னு சொல்லித்தானே ஆர்டபிள்யூ சிடி விக்கிறாங்க. அதுல போட்ட வேர்டு ஃபைலைத் திறந்து ஒரு எழுத்தை மாத்திட்டு சேவ் பண்ணப் போனா 'ரீட் ஒன்லி'ன்னு வருது. சிடி கெட்டுப் போச்சா?" எழுதியது யாருன்னு தெரியல. நல்ல கேள்வி. சிடி கெட்டுப் போகல. எழுதின முறையில்தான் விஷயம் இருக்கு.

"இப்போ யாரு சிடி பாக்குறா, பென் டிரைவ் இருக்கே"ன்னு சிலர் கேக்கலாம். சரிதான், புது லேப்டாப்புகளில் சிடி போடும் வாயே கிடையாது. ஆனா உங்க வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்க. அக்கா கல்யாண ஆல்பம், அண்ணனோட காலேஜ் புராஜெக்ட், கோயில் கொடை நோட்டீஸ், டிடிபி கடையில் அடிச்ச மலர் எல்லாம் சிடியில்தான் கிடக்கும். அதைத் திறந்து பார்த்து, திருத்தி, மறுபடி பயன்படுத்தணும்னா கீழே உள்ளது தெரிஞ்சிருக்கணும். நம்ம லேபில் ஒரு பழைய கணினியில் இன்னும் ரைட்டர் வேலை செய்கிறது என்பது கூடுதல் வசதி.

முதலில் தட்டைப் பத்திச் சொல்றேன். பார்க்க எல்லாம் ஒன்று போல வட்டமாக மின்னினாலும் குறுந்தகடு மூன்று வகை. கடையில் வாங்கும் சினிமா, பாட்டு சிடி அச்சில் அழுத்திச் செய்தது. 2007-ல் மோசர் பேயர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றதே, அது இந்த வகை. அதில் ஒன்றும் எழுத முடியாது. இரண்டாவது சிடி-ஆர். அதன் உள்ளே ஒரு சாயப் பூச்சு இருக்கும். லேசர் ஒளி பட்ட இடத்தில் சாயம் நிறம் மாறும், மறுபடி பழைய நிலைக்கு வராது. மை பேனாவால் எழுதின மாதிரி.

மூன்றாவதுதான் நம்ம சிடி-ஆர்டபிள்யூ. 1997-ல் சந்தைக்கு வந்தது. இதில் சாயம் இல்லை, உலோகக் கலவை. வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் நாலும் சேர்ந்தது. லேசர் ஒரு புள்ளியை 500 டிகிரிக்கு மேலே சூடாக்கி உருக்கி, சட்டென்று ஆறவிட்டால் அந்தப் புள்ளியில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் உறைந்துவிடும். ஒளியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. அதே புள்ளியை 200 டிகிரி அளவுக்கு மட்டும் சூடாக்கினால் அணுக்கள் மறுபடி வரிசையில் நிற்கும், படிகம் ஆகும், ஒளி நன்றாகத் திரும்பும். எழுதுவதும் அழிப்பதும் இவ்வளவுதான். பனங்கற்கண்டு எப்படி விளையுது? பாகை அசைக்காமல் நாள் கணக்கில் வைத்தால் கல் கல்லாக விளையும், அவசரமாக ஆறவைத்தால் விளையாது. ரொம்பச் சரியான ஒப்புமை இல்லைதான், ஆனா மனசில் நிற்கும். இப்படி நிலை மாறும் பொருளைப் பற்றி ஓவ்ஷின்ஸ்கி என்ற அமெரிக்கர் 1968-லேயே கட்டுரை எழுதியிருக்கிறார். அது கடைக்கு வர 29 வருஷம் ஆயிருக்கு பாருங்க.

இந்தத் தட்டு திருப்பி அனுப்பும் ஒளி குறைவு. அச்சு சிடி 70 சதவீதத்துக்கு மேல் அனுப்பும், ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம்தான். அதனால்தான் சில பழைய பிளேயரில் போட்டால் 'நோ டிஸ்க்' என்று காட்டும். பிளேயரைத் தட்டிப் பிரயோஜனம் இல்லை.

சரி, தட்டில் அழிக்க முடியும். அப்புறம் ஏன் ஃபைல் பூட்டிக் கொள்ளுது?

தட்டு என்பது வெறும் தாள் மாதிரி. அதில் எந்த ஃபைல் எங்கே இருக்கு என்று ஒரு பட்டியல் வேணும். அந்தப் பட்டியலை எழுதும் முறை இரண்டு. பழையது ஐஎஸ்ஓ 9660, 1988-ல் தரப்படுத்தியது. அந்தக் காலத்தில் சிடி என்றாலே கம்பெனியில் அச்சடித்து வருவதுதான். ஆகவே பட்டியலை ஒரு தடவை எழுதி முடித்து மூடிவிட வேண்டும் என்றே அதை அமைத்தார்கள். நடுவில் ஒரு ஃபைலை மட்டும் எடுத்து மாற்றும் வசதியே அதில் கிடையாது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சிடி எழுதும் போது இந்த முறையில்தான் எழுதும். தட்டு ஆர்டபிள்யூவாக இருந்தாலும் இப்படி எழுதினால் அது அச்சு சிடிக்குச் சமம். ஒரு எழுத்தை மாற்றணும்னா முழுத் தட்டையும் அழித்து மறுபடி எழுதணும், இல்லேன்னா இன்னொரு 'செஷன்' சேர்த்து அதே பெயரில் புது ஃபைலைப் போடணும். பழையது உள்ளேயே கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது, இடத்தை மட்டும் அடைத்துக் கொள்ளும்.

இரண்டாவது முறையின் பெயர் யுடிஎஃப். 1995-ல் வந்தது. இதில் தட்டு முழுவதையும் முதலிலேயே சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்துக் கோடு போட்டு வைத்துவிடுவார்கள். சிடி-ஆர்டபிள்யூவில் ஒரு பொட்டலம் 64 கேபி. ஒரு ஃபைலை மாற்றினால் அந்த ஃபைல் இருக்கும் பொட்டலங்கள் மட்டும் மாறும், மற்றது அப்படியே இருக்கும். பென் டிரைவில் போடுற மாதிரி இழுத்துப் போடலாம், நீக்கலாம், பெயர் மாற்றலாம். எக்ஸ்பி காலத்தில் இதற்குத் தனியாக இன்சிடி, டைரக்ட்சிடி என்று மென்பொருள் போட வேண்டியிருந்தது. 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்த பிறகு அது விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. கோடு போடுவதற்கே இடம் போகும் என்பதால் 700 எம்பி தட்டில் 550 எம்பியை ஒட்டித்தான் கிடைக்கும். கடைக்காரர் ஏமாத்திட்டார்னு நினைக்காதீங்க.

இப்போ செய்முறை. வெறும் ஆர்டபிள்யூ தட்டைப் போட்டவுடன் விண்டோஸ் 7, 10, 11 எதுவானாலும் 'பர்ன் எ டிஸ்க்' என்ற பெட்டியைத் திறந்து இரண்டு வழி காட்டும். மேலே 'லைக் எ யுஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ்', கீழே 'வித் எ சிடி/டிவிடி பிளேயர்'. பின்னால் திருத்த வேண்டிய ஃபைல் என்றால் மேலே உள்ளது. அதுதான் யுடிஎஃப். பாட்டு, படம் போட்டு வீட்டுப் பிளேயரில் பார்க்கணும் என்றால் கீழே உள்ளது. நிறைய பேர் அவசரத்தில் படிக்காமல் கீழே உள்ளதை அமுக்கிவிடுகிறார்கள். கேள்விப் பெட்டியில் சீட்டு போட்டவர் தட்டிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஃபார்மேட் ஆக நேரம் பிடிக்கும், முழு ஃபார்மேட் என்றால் கால் மணி நேரத்துக்கும் மேலே ஆகலாம். பொறுமை வேணும். முடிந்ததும் ஃபைல்களை இழுத்துப் போடுங்க. வெளியே எடுக்கும்போது டிரைவில் உள்ள பொத்தானை அமுக்காமல், திரையில் சிடி படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'எஜெக்ட்' கொடுங்க. பட்டியலை எழுதி முடித்த பிறகுதான் தட்டு வெளியே வரும். எழுதிக் கொண்டிருக்கும் போது கரண்டு போனால் பட்டியல் பாதியில் நிற்கும், தட்டு திறக்காமலே போகலாம். நம்ம ஊரில் மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். வானம் இருட்டினால் அன்றைக்கு எழுதாதீங்க.

வேறு கணினிக்குக் கொண்டு போவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்கணும். யுடிஎஃப்பில் பல பதிப்பு உண்டு. எக்ஸ்பி 2.01 வரை படிக்கும். விண்டோஸ் 2000-க்கு 1.50 தேவை. எந்தக் கணினியில் திறக்கப் போகிறோம் என்று கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.

இனி முக்கியமான ஒன்று. யுடிஎஃப்பில் எழுதியாச்சு, நேரே சிடியில் இருந்தே ஃபைலைத் திறந்து திருத்தலாமா? முடியும், ஆனா வேண்டாம். காரணம் இருக்கு. ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் டிரைவ் ஒரு முழு 64 கேபி பொட்டலத்தைப் படித்து, மாற்றி, திரும்ப எழுதணும். வேர்டு மென்பொருள் இன்னும் மோசம். நீங்க சேவ் அமுக்கும் போது அது அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலை உண்டாக்கி, அதில் எழுதி, பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரை வைக்கும். ஹார்டு டிஸ்கில் இது கண் மூடித் திறப்பதற்குள் நடக்கும். சிடியில் டிரைவ் குர்ர் குர்ரென்று ஒரு பாடு நேரம் உருளும். தட்டின் ஒரே இடத்தில் சுமார் 1000 தடவைதான் அழித்து எழுதலாம் என்பது கணக்கு. ஃபைல் கொஞ்சம் மாறினாலும் பட்டியல் ஒவ்வொரு தடவையும் மாறும், ஆகவே பட்டியல் இருக்கும் இடம்தான் முதலில் தேயும். தேய்ந்த இடத்துக்குப் பதிலாக வேறு இடத்தைப் பயன்படுத்த யுடிஎஃப் 1.50-ல் வழி வைத்திருக்கிறார்கள். அதை நம்பிக் கண்டபடி எழுதணுமா என்ன?

ஆகையால் சிடியில் இருந்து ஹார்டு டிஸ்குக்கு காப்பி செய்யுங்க, அங்கே வைத்துத் திருத்துங்க, வேலை முடிந்த பிறகு ஒரே தடவை திரும்பப் போடுங்க. பழையதன் மேலேயே போடாமல் பெயரோடு தேதி சேர்த்துப் போட்டால் முந்தைய பிரதியும் கையில் இருக்கும்.

ஐஎஸ்ஓ முறையில் எழுதின பழைய தட்டுகளுக்கும் இதே வழிதான். ஆனா அங்கே ஒரு தொல்லை. விண்டோஸ் 98, 2000 மாதிரி பழைய கணினிகளில் சிடியில் இருந்து காப்பி செய்த ஃபைல் 'ரீட் ஒன்லி' முத்திரையோடுதான் ஹார்டு டிஸ்கில் வந்து உட்காரும். எக்ஸ்பிக்குப் பிறகு சாதாரணமாக காப்பி செய்யும் போது விண்டோஸே அந்த முத்திரையை எடுத்துவிடுகிறது. சில நேரம் ஒட்டிக் கொண்டு வந்தால் ஃபைல் மேல் வலது கிளிக், 'பிராபர்ட்டீஸ்', கீழே 'ரீட் ஒன்லி' பெட்டியில் உள்ள டிக்கை எடுத்து ஓகே. நூறு ஃபைல் இருந்தால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டாம், ஃபோல்டருக்கே செய்து 'உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும்' என்பதைத் தேர்ந்தெடுங்க. மறுபடி பார்த்தால் ஃபோல்டரின் பெட்டி பழையபடி நிரம்பியே நிற்கும். பதறாதீங்க. ஃபோல்டருக்கு அந்தப் பெட்டி சும்மா ஒரு அடையாளம்தான், உள்ளே உள்ள ஃபைல் திறந்திருக்கும்.

பெயர் வைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பழைய ஐஎஸ்ஓ முறையில் பெயர் எட்டு எழுத்துதான், அதுவும் ஆங்கிலம். 1995-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டு வந்த ஜோலியட் என்ற சேர்க்கையால் தமிழிலும் பெயர் வைக்கலாம் என்று ஆனது, 64 குறி வரை. குறி என்றால் நாம் எண்ணும் எழுத்து இல்லை. 'திற்பரப்பு' நமக்கு ஆறு எழுத்து. கணினிக்கு த, இகரக் குறி, ற, புள்ளி, ப, ர, ப, புள்ளி, ப, உகரக் குறி என்று பத்து! நீளமாகப் பெயர் வைத்தால் வால் வெட்டுப்படும். சின்னதாக வையுங்க.

இவ்வளவும் தட்டின் பூட்டு. டிக்கை எடுத்தால் இந்தப் பூட்டு திறந்துவிடும். ஆனா டிக் எடுத்தாலும் திறக்காத பூட்டு ஒன்று இருக்கு. தமிழில் டைப் செய்த பழைய ஃபைல்கள் எல்லாவற்றிலும் அது உண்டு.

எங்க வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தா வில்லுப்பாட்டுக்காரர். கோயில் கொடைகளில் பாடின கதைகளை 2004-ல் ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி டைப் செய்து ஆர்டபிள்யூ சிடியில் வாங்கி வைத்திருந்தார். கடையில் டைப் செய்தவர் வேற ஊர்க்காரர் போல, நம்ம ஊர்ப் பேச்சில் உள்ள சொல்லை எல்லாம் 'திருத்தி' வைத்திருக்கிறார். தாத்தாவுக்கு இப்போ வயசு எண்பதைத் தாண்டிவிட்டது. சரியான அடி எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொல்லச் சொல்லத் திருத்தணும் என்று அவள் ஆசைப்பட்டாள். லேபில் போட்டோம், காப்பி ஆச்சு, டிக்கை எடுத்தாச்சு, வேர்டில் திறந்தாச்சு. திறந்தால் தமிழே இல்லை! ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் டாலர் அடையாளமும் பக்கம் பக்கமாக நிற்குது. தாத்தா அதைப் பார்த்துவிட்டு, "மக்களே, இதா நான் பாடினது?" என்று கேட்டாராம்.

காரணம் என்னவென்றால், அந்தக் காலத்து தமிழ் ஃபான்ட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஏமாற்றுகிறவை. உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்தின் எண், மேலே தெரிவது தமிழ். ஒவ்வொரு கம்பெனி ஃபான்ட்டும் ஒவ்வொரு வரிசை. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற வரிசைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தார்கள். உலகம் முழுவதற்கும் ஒரே எண் என்ற யுனிகோடில் தமிழ் 1991-லேயே இடம் பெற்றிருந்தாலும், விண்டோஸ் 2000-இல்தான் லதா ஃபான்ட்டோடு அது நம் கைக்கு வந்தது. தமிழக அரசு யுனிகோடை ஏற்றது 2010-ல். அதற்கு முன்னால் எழுதின சிடி என்றால் எந்த ஃபான்ட் என்று தெரிந்தே ஆகணும்.

இதற்கு நல்ல உதாரணம் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய இலக்கியங்களை டைப் செய்து தந்தார்கள். முதலில் மயிலை போன்ற ஃபான்ட்டுகளில் இருந்தது, பிறகு டிஸ்கி என்ற வரிசைக்கு மாறியது, அதற்குப் பிறகு யுனிகோடுக்கு. ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து டைப் செய்யவில்லை. எழுத்தாகவே சேமித்திருந்ததால், 'இந்த எண்ணுக்கு அந்த எண்' என்று ஒரு பட்டியலைக் கொடுத்தால் கணினியே மாற்றித் தந்துவிடும். பக்கங்களை வெறும் படமாக எடுத்து வைத்திருந்தால் இது நடக்காது. அங்கே சிடி பெரிசா, பென் டிரைவ் பெரிசா என்ற பேச்சே எழவில்லை பாருங்க.

தோழியின் ஃபைலுக்கும் அதே வழிதான் எடுத்தோம். சிடி உறையில் இருந்த கடை ரசீதின் பின்னால் ஃபான்ட் பெயரை யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். அந்தப் புண்ணியவானுக்கு நன்றி. என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் மாதிரி இலவச மாற்றிகள் இருக்கின்றன, ஃபான்ட் பெயரைச் சொன்னால் யுனிகோடாக மாற்றித் தரும். கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறி நின்றன, அதைக் கையால் பைய சரி பண்ணினோம். இப்போ சனிக்கிழமை தோறும் தாத்தா சொல்லச் சொல்ல அவள் திருத்துகிறாள். இரண்டு கதை முடிந்திருக்கு, மூன்றாவது நடக்குது.

டிடிபி கடையில் வேலை கொடுக்கும் போது கேட்டு வாங்க வேண்டியதும் இதில் இருந்தே வருது. பெரும்பாலும் பிடிஎஃப் மட்டும்தான் தருவார்கள். நம்ம ஊரில் ரப்பர் பால் எடுக்கிற வீடுகளுக்குச் சொன்னால் உடனே புரியும். பாலாக இருக்கும் போது எந்தத் தட்டிலும் ஊற்றலாம், ஆசிட் விட்டு உறைந்து ஷீட்டாகிவிட்டால் ஷீட்தான். பிடிஎஃப் ஷீட் மாதிரி. பிரின்ட் எடுக்க நல்லது, திருத்த ஆகாது. ஆகவே மூல ஃபைலையும் சேர்த்துக் கேளுங்க. அது பேஜ்மேக்கரில் செய்ததா இருந்தால் கூடவே வெறும் எழுத்தாக, டெக்ஸ்ட் ஃபைலாகவும் ஒரு பிரதி வேணும். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 7.0, 2001-ல் வந்தது. அது உள்ள கணினியைத் தேடி அலைய வேண்டிவரும். டெக்ஸ்ட் ஃபைலை எந்தக் கணினியும் திறக்கும். பழைய ஃபான்ட்டில் செய்ததாக இருந்தால் அந்த ஃபான்ட் பெயரை உறையில் எழுதி வாங்குங்க. தட்டின் மேலேயே பால்பென்னால் அழுத்தி எழுதக் கூடாது. மேல் பக்கம்தான் மெல்லிசு, கீறினால் அத்தோடு போச்சு. சிடிக்கென்று விற்கும் மார்க்கர் பேனா நல்லது.

நம்ம ஊரில் இரண்டு பருவ மழையும் பெய்யும், அருவிச் சாரல் வேற. ஈரத்தில் தட்டில் பூஞ்சை பிடிக்கும். உறையோடு ஒரு டப்பாவில் நிற்க வைத்துச் சூடு படாத இடத்தில் வையுங்க, சமையலறைப் புகைக்கூண்டு பக்கம் வேண்டாம். துடைப்பதாக இருந்தால் நடுவில் இருந்து விளிம்பு நோக்கி நேராக, வட்டமாகத் தேய்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை போட்டுத் திறக்குதா என்று பார்த்து, ஹார்டு டிஸ்கிலும் பென் டிரைவிலும் ஒவ்வொரு பிரதி போட்டுக் கொள்ளுங்க.

வீட்டில் பழைய தட்டு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் லேபுக்குக் கொண்டு வரலாம், கணினி ஆசிரியரிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம். ஒருவருக்கு இரண்டு தட்டு மட்டும். பென் டிரைவும் கூடவே கொண்டு வாங்க. எந்த வருஷம், எந்தக் கடையில் டைப் செய்தது என்று வீட்டில் கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி உறைக்குள் வையுங்க, ஃபான்ட்டைக் கண்டுபிடிக்க அது உதவும்.